நாற்பதாம் கத்தம் வரைக்கும்

1940ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை. புறக்கோட்டையில் மஷூர் முதலாளியின் கராம்புக் கிட்டங்கியில் பெண்களின் நாட்கூலி அறுபது சதத்திலிருந்து நாற்பத்தைந்தாயிற்று. ஐரோப்பாவில் யுத்தம் என்று காரணம் சொன்னார் கணக்கப்பிள்ளை தாஸிம். காம்பு பொறுக்கும் பதினொரு பெண்களில் எவரும் அந்த யுத்தத்தைத் தொடங்கியவர் அல்லர்.

இராமலெட்சுமிக்கு அந்தப் பதினைந்து சதம்தான் அறை வாடகை. கொட்டாஞ்சேனையில் அவள் அறைக்கு இரண்டு வாசல் தள்ளி டிஸ்பென்சரி. துறைமுகத்தில் கால் நசுங்கிய புருஷன் அழகர், தடியூன்றி அங்கே போய்த் தினமும் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொள்வான். அறை போனால் முகத்துவாரத்துக் குடிசைதான். அங்கிருந்து அவனால் நடந்து வர முடியாது.

வெள்ளிக்கிழமை அவளும் கூட்டாளி வெள்ளையம்மாவும் வழக்குப் பேசும் பற்றிக் பிரக்கிராசியிடம் போனார்கள்.

"கூலிச் சல்லியை வாங்குங்கோ. வாங்கேக்க நாலு பேர் கேக்க, 'குறைச்ச கூலிக்குச் சம்மதமில்லை' எண்டு சொல்லுங்கோ. ஒவ்வொரு சனியும் சொல்ல வேணும். பேசாம வாங்கினா, ஒத்துக்கொண்டதா சாதிப்பாங்கள்," என்றார் அவர்.

சனி காலை நடந்து போகும்போதே ஒத்திகை நடந்தது.

"என்னைய முதலாளின்னு நெனச்சுச் சொல்லு," என்றாள் வெள்ளையம்மா.

"உன்னப் பாத்தா முதலாளியாவா தெரியுது? ரெண்டு சதம் கைமாத்து கேக்க வந்தவ மாதிரி இருக்க."

கிட்டங்கியில் தாஸிம் சிவந்த கண்களோடு இருந்தார். "முதலாளிட உம்மா மௌத்தாயிட்டாங்க, புள்ளே. விடிய, சுபஹுக்கு."

துக்க நாளிலும் கூலி தவறக்கூடாது என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். எவ்வளவு என்பதையும் சொல்லியனுப்பியிருந்தார்.

இராமலெட்சுமி வெள்ளையம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழவு வீட்டுல கூலிப் பேச்சா? நாப்பதாம் நாள் போகட்டும்," என்றாள் வெள்ளையம்மா. பதினொருவரும் தலையாட்டினார்கள்.

ஆறு சனிக்கிழமைகள் பேசாமல் பெருவிரல் பதித்து வாங்கினார்கள். முதலாளி அந்நாட்களில் தொப்பியை மறந்தார், சாப்பாட்டை மறந்தார். குறைத்த கூலியை மட்டும் மறக்கவில்லை. நாற்பதாம் நாள் ஓதிய கத்தத்துச் சோற்றைத் தானே கொண்டுவந்து பங்கிட்டார். "எங்கட துக்கத்த மதிச்சீங்க," என்று கண் கலங்கினார். அது பொய்க் கண்ணீர் அல்ல.

அடுத்த சனி, இராமலெட்சுமி சொன்னாள்: "கொறச்ச கூலிக்குச் சம்மதமில்லீங்க."

முதலாளி உண்மையாகவே திகைத்தார். "ஆறு சனி வாங்கினீங்க, ஒரு பேச்சும் வரல்லயே. சம்மதமெண்டுதானே நெனச்சன்?"

அவள் பிரக்கிராசியிடம் ஓடினாள்.

"ஒரு சனியாவது சொன்னீங்களா?"

"எழவு வீடுங்களே, ஐயா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு விளங்குது, அம்மா. கோர்ட்டில ஆறு பெருவிரல் அடையாளத்தைத்தான் காட்டுவாங்கள்." அன்றும் அவர் ஃபீஸ் வாங்கவில்லை.

மாதக் கடைசியில் கைவண்டி முகத்துவாரம் புறப்பட்டது. சட்டி பெட்டிக்கு நடுவே அழகர். வெள்ளையம்மா பின்னாலிருந்து தள்ள, இராமலெட்சுமி இழுத்தாள். ஜம்பட்டா வீதி தாண்டியது.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றான் அழகர்.

"அம்மாவப் பறிகொடுத்தவருகிட்ட எப்படிங்க சொல்றது?"

அவன் சாய்ந்த சட்டியை நேராக்கி வைத்தான்.

"சரிதான்," என்றான்.

கால் குலுங்காமலிருக்க அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காலையில் டிஸ்பென்சரியில் கட்டிய துணி இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.