தலைகீழ் லேபிள்களும் எங்கள் வீட்டுப் புகார் பிரிவும்

1

இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. கணினி நிரலில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டேன். மறுநாள் காலை மருந்துக் கடைகளில் லேபிள்கள் தலைகீழாக அச்சாகி வந்தன.

ஒரு திறந்த மூல இயங்குதளத்துக்கு, லேபிள் பிரிண்டர்களை ஓட்டும் நிரலைப் பதினோரு வருடமாகச் சும்மா எழுதித் தருகிறவன் நான். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். ஒரு கம்பெனி அதைப் பளபளப்பான பெட்டியில் போட்டு விற்கிறது. அங்கே புகார் பிரிவில் போன் எடுப்பவள் என் மனைவி.

(அதாவது, நான் சும்மா கொடுப்பதை அவர்கள் விற்று, அவளுக்குச் சம்பளம் தந்து, அதில் நான் சாப்பிட்டு, மறுபடி சும்மா எழுதுகிறேன். இதைத்தான் மேடையில் ‘சுதந்திரம்’ என்பேன்.)

2

‘இருண்ட அறையில், தனியொருவனாக, அவன் உலகத்துக்காக...’

இந்தக் கதையை இப்படித் தொடங்கிப் பார்த்து, அடித்துவிட்டேன். நான் உட்காருவது சாப்பாட்டு மேசையில். பக்கத்தில் துணி காய்கிறது.

3

அன்று அவளுக்கு அறுபத்து மூன்று அழைப்புகள். கடைசிக் கடைக்காரர், "எந்த முட்டாள்மா இதை எழுதினான்?" என்று கத்தினார்.

"எங்க வீட்டுக்காரர்தான் சார். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணச் சொல்றேன்."

சரி செய்தேன். ஆனால் அழைப்புகள் பதிவாகுமே! பதிவைக் கேட்ட மேலாளர், மறுநாள் அவளிடமே கடிதம் கொடுத்தனுப்பினார்: எனக்கு வேலை. இனி எழுதுவது கம்பெனிக்கு மட்டும். பொதுவில் வெளியிடக் கூடாது. அவள் வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் மறுத்தால் அவள் தலை உருளலாம்.

4

முடிவு அ: கடிதத்தைக் கிழிக்கிறேன். கைதட்டல். (இதில் மனைவி எங்கே போனாள்?)

முடிவு ஆ: சேர்கிறேன். மனசாட்சி உறுத்த, நான்... எனக்கு உறுத்தியது பசிதான்.

முடிவு இ: நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், வாசகரே. (திறந்த மூலம் போலத் தெரியும். சோம்பேறித்தனம்.)

5

மூன்று நாளாக அவளைக் கேட்டேன். மூன்று நாளும் "உங்க இஷ்டம்." நான்காம் நாள் விடவில்லை.

"சேரட்டுமா, வேண்டாமா?"

மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம்."

"உன் வேலை?"

"போனா வேற பாத்துக்கறேன். இங்க பாருங்க, மத்த எது கெட்டாலும் ‘மேலிடத்துல சொல்லியிருக்கோம்’னுதான் சொல்லுவேன். அந்த மேலிடம் யாருன்னு எனக்கே தெரியாது. அன்னிக்கு அந்தக் கடைக்காரர் ஒருத்தர்கிட்டதான் பொய் சொல்லாம பேசினேன். நீங்க உள்ள வந்தா நீங்களும் மேலிடம் ஆயிடுவீங்க."