லேட்டாகச் சாய்ந்தவள்

என் காறை எலும்பு கூடிவிட்டது. என்னைப் பற்றிய பேச்சுதான் ஓயவில்லை. ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரி, "என்ன நோலீன், அன்னைக்கு லேட்டா சாஞ்சுட்டியாமே?" என்கிறாள். நாய்க்கு ஊசி போடக் கூட்டிப்போனால் டாக்டரும் அதையே கேட்கிறார். நாய்க்குப் பேச வராது, அதனால் அது மட்டும் கேட்கவில்லை.

மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பலகை பூட்டி ஓட்டும் சைடுகார் பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்கு இருக்கை, ஹேண்டில்பார், ஆக்சிலேட்டர் எல்லாம் உண்டு. கூட வருகிறவளுக்கு ஒரு பலகையும் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பியும்தான். மண் தடத்தில் வளைவு வந்ததும் உடம்பை வெளியே வீசித் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி கவிழும். அதனால் எங்களைத் தொங்கி என்பார்கள். ஓட்டுகிறவன் என் தம்பி ட்ரெவர். கடைசிப் பந்தயத்தில் நான் சரியாகத்தான் சாய்ந்தேன். அவன் ஆக்சிலேட்டரைத் திருகிய நேரம் பார்த்து என்ஜின் அடைத்தது, வண்டி வெட்டி இழுத்தது, நான் வேலியில் போய் விழுந்தேன். என் காது கார்பரேட்டருக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்புவதற்குள் ஊரே கூடித் தீர்ப்பு சொல்லி முடித்திருந்தது: நோலீன் லேட்டாகச் சாய்ந்துவிட்டாள். "என்ஜின் அடைச்சுது" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ட்ரெவருக்கு மட்டும் பூட்ஸ் லேஸ் அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டிக்கொண்டே இருப்பான்.

தோள் குணமாகி முதன்முதலாகப் பந்தயத்துக்குப் போனேன். கோதுமைக் கிடங்குகளுக்குப் பின்னால் தடம், மண்டையைப் பிளக்கும் வெயில். வேனிலிருந்து வண்டியை இறக்கும்போதே கேட்டேன்.

"கார்பரேட்டரை எப்படா ட்யூன் பண்ணின?"

"காலையிலயே, வீட்டு ஷெட்ல முடிச்சுட்டேன்க்கா."

"என்ஜினைச் சூடு பண்ணினியா?"

"ஸ்டார்ட் பண்ணினேன், திருகினேன். ஜம்முனு ஓடுச்சு."

ஜம்மென்று ஓடாமல் என்ன செய்யும்? ஆறிய என்ஜினுக்கு எரிபொருள் நிறைய வேண்டும். அந்த அளவுக்கே திருகி வைத்தால், சூடான பிறகு அதுவே தொண்டையை அடைக்கும். நன்றாகச் சூடேற்றிவிட்டுத்தான், கார்பரேட்டருக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். ட்ரெவருக்கும் இது தெரியும். ஆனால் சூட்டில் திருகினால் பக்கத்துக் குழாயில் கை பட்டுச் சுடும். கையுறை போட்டால் அந்தச் சின்ன ஸ்க்ரூ விரலுக்குத் தட்டுப்படாது. ஐயாவுக்குக் கை சுடுமாம், அதற்காக என் கழுத்து ஒடிய வேண்டுமாம்!

"சூடு பண்ணிட்டு மறுபடி திருகு. இல்லன்னா ஸ்க்ரூடிரைவரை என்கிட்ட குடு."

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் மெர்வ் உட்கார்ந்திருந்தார். கோதுமை லாரி ஓட்டுகிறவர், வண்டிகள் நிற்கும் இந்த இடத்துக்குத் தானாக முடிசூட்டிக்கொண்ட நாட்டாமை. "மூட்டைக்கு எதுக்கும்மா ஸ்க்ரூடிரைவர்?" என்றார். அவருக்குத் தொங்கி என்றால் ஏற்றி இறக்கும் மூட்டை. சுற்றி நின்ற ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். தொங்கி என்ஜினைத் தொடக் கூடாது என்பது எங்கள் ஊரில் எவனோ எப்போதோ போட்ட சட்டம்.

எனக்குச் சுருக்கென்றது. "சரிடா ட்ரெவர். இப்ப பயிற்சி ஓட்டம்தானே? நான் ஓட்டுறேன், நீ மூட்டையா வா."

"விளையாடாதக்கா."

"ஜம்முனு ஓடுதுன்னியே, அப்புறம் என்ன பயம்?"

அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? ஏறினான். பாதி வேகத்தில்தான் ஓட்டினேன், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் வண்டி சமர்த்தாகத்தான் ஓடியது. சூடு ஏற ஏற இருமத் தொடங்கியது. வளைவில் ட்ரெவர் சாய்ந்தான், சரியாகவே சாய்ந்தான். நான் ஆக்சிலேட்டரை மூடித் திறந்தேன். என்ஜின் அடைத்தது, வண்டி வெட்டியது. திரும்பிப் பார்த்தால் பலகையில் ஆளில்லை.

உருண்டு எழுந்து வந்தான். எலும்பெல்லாம் பத்திரம், வாய் நிறைய செம்மண்.

"என்னப்பா, லேட்டா சாஞ்சுட்டியா?" என்று மெர்வ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"இல்ல மெர்வ், என்ஜின் அடைச்சுது."

"ஓ, அப்போ ட்யூனிங்தான் சரியில்ல," என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அவ்வளவுதான்! ஒரே ஒரு தடவை சொன்னான், நம்பிவிட்டார்கள். கட்டுப் போட்ட தோளோடு நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த அதே இரண்டு வார்த்தை.

என்ஜினை அணைக்காமலே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ட்ரெவரின் பெட்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். ஒருத்தரும் தடுக்கவில்லை. ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே எடுத்ததும் இருமல் குறைந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தேன், சத்தம் ஏறியது. அதற்கு மேல் போனதும் படபடத்தது, ஒரு துளி உள்ளே திருப்பினேன். சீராக நின்றது. மணிக்கட்டு குழாயில் பட்டுத் தோல் உரிந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினேன், தயங்காமல் உறுமியது.

மெர்வுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "அப்போ அன்னைக்கும் இதேதானா ட்ரெவ்?"

ட்ரெவர் குனியப் பார்த்தான்.

"லேஸ் நல்லாத்தான் இருக்கு. நிமிர்ந்து பதில் சொல்லுடா," என்றேன்.

"அன்னைக்கும் என்ஜின்தான்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்க்கா. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்த்தேன், எரிபொருள் அதிகமாகிக் கரி பிடிச்சிருந்துச்சு. ஆனா உன்மேல தப்புன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அவங்களா சொன்னாங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

சும்மா இருந்தானாம். கையைத் தூக்க முடியாமல் நான் தலை வாரக்கூட ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, இவன் தினமும் என் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்.

ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் வைத்தேன். "வேற ஆளைப் பார்த்துக்கோ."

"அக்கா, சாயங்காலம் பந்தயம்! தொங்கி இல்லாம விட மாட்டாங்க."

"மெர்வ் இருக்காரே. மூட்டைதானே வேணும்?"

மெர்வ் அவசரமாக ஐஸ் பெட்டிக்குள் எதையோ தேடினார். மற்றவர்களுக்கும் திடீரென்று அவரவர் வண்டியில் வேலை வந்துவிட்டது.

சாயங்காலம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, உருளைக்கிழங்கு வறுவலோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். வண்டிகள் தடத்துக்கு வந்தன, எங்கள் வண்டியைத் தவிர. ஒலிபெருக்கி சொன்னது: "ட்ரெவரின் வண்டி என்ஜின் கோளாறு காரணமாகப் பந்தயத்திலிருந்து விலகுகிறது."

நான் எழுந்த வேகத்தில் வறுவல் முழுக்க முன்வரிசைக்காரி மடியில் கொட்டியது.

"பொய்! என்ஜினுக்கு ஒரு கேடும் இல்ல! நான்தான் ஏற மாட்டேன்னுட்டேன்!"

ஒலிபெருக்கி என் குரலைவிடச் சத்தமாக இருந்தது. அதனால் இன்னொரு தடவை கத்தினேன்.