நொடிக்கு ஒரு கோடி வருஷம்

சூரியனைச் சாகடிப்பது என் வேலை. வாரத்தில் ஆறு நாள், நாளைக்கு நான்கு காட்சி. கோளரங்கத்தில் குவிந்த கூரைக்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, நொடிக்கு ஒரு கோடி வருஷம் என்ற வேகத்தில் கதை சொல்வேன். நூறு நொடி தாண்டினால் கடல் வற்றத் தொடங்கும். நிலா விலகி விலகிச் சின்னதாகிக்கொண்டே போகும். ஐந்நூறு நொடிக்கு மேல் சூரியன் சிவந்து உப்ப ஆரம்பித்து, கடைசியில் கூரை முழுக்கப் பரவி பூமியை விழுங்கிவிடும்.

உண்மையில் விழுங்குமா என்பதில் விஞ்ஞானிகளுக்கே ஒரு முடிவு இல்லை. விழுங்கும் என்பார் சிலர், விழுங்காது, கருக்கிவிட்டுச் சும்மா விடும் என்பார் சிலர். நான் விழுங்கவே வைப்பேன். அவ்வளவு நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த ஜனங்களை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

விழுங்கியதும் அரங்கம் கப்சிப் என்றாகிவிடும். குழந்தைகள் அம்மா மடியைத் தேடும். அப்போது நான் சொல்வதற்கென்றே ஒரு வரி வைத்திருக்கிறேன்: "யாரும் கவலைப்படாதீங்க. இதைப் பாக்க நம்மள்ல ஒருத்தரும் இருக்கப் போறதில்ல." உடனே கொல்லென்று சிரிப்பார்கள். நான் விளக்கைப் போடுவேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பு ஒருநாளும் தப்பியதில்லை, என் மாமனார் வந்த நாள் உட்பட.

மாமனார் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு எங்களோடு இருக்கிறார். என்னிடம் அதிகம் பேசமாட்டார், பேசினால் அது புகாராக இருக்கும். குளியலறைக் குழாயை நான் சரியாக மூடுவதில்லை என்பது நெடுங்காலப் புகார். இப்போது அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஆபரேஷன் செய்தால் பத்து வருஷம் தாராளமாக இருக்கலாம், செய்யாவிட்டால் ஒரு வருஷம் இழுப்பதே சிரமம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமனார் "யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்து கட்டிலில் படுத்தவர், ஒரு வாரமாகக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அப்பாவைக் கோளரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் என் மனைவி. "எப்படியும் கூரையைத்தான் பாக்கப் போறார். அங்க பெரிய கூரையா இருக்கும்ல."

நிலா நிகழ்ச்சிக்குத்தான் கூட்டிப் போவதாக இருந்தேன். அது சாதுவான நிகழ்ச்சி, பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். போன இடத்தில் நிலா நிகழ்ச்சிக்கான கருவி பழுது, அன்றைக்கு எல்லாக் காட்சியும் சூரியன்தான் என்றார்கள். மூன்றாவது வரிசையில் நல்ல இடமாகப் பார்த்து அவரை உட்கார வைத்துவிட்டு மைக்கைக் கையில் எடுத்தேன்.

மைக் கைக்கு வந்துவிட்டால் என் வாய் தன் பாட்டுக்குப் போகும். கடலை வற்றவைத்தேன், பூமியை விழுங்கவைத்தேன், கவலைப்படாதீங்க என்ற வரியையும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். விளக்கைப் போட்டபோதுதான் மூன்றாவது வரிசை கண்ணில் பட்டது. நெஞ்சைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மனுஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்கள் இருக்கப் போவதில்லை என்று மைக்கில் சொல்லியிருக்கிறேன். நாக்கில் சனி. எங்கள் இலாகாவில் சனிக்குத் தனி நிகழ்ச்சியே உண்டு, இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமனார் வாயைத் திறந்தார்.

"நொடிக்கு ஒரு கோடி வருஷம்னு சொன்னீங்க மாப்பிள்ளை."

"ஆமா மாமா."

"டாக்டர் சொன்ன பத்து வருஷம் அதுல எவ்வளவு?"

பொய் சொல்லியிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. "அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது மாமா," என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாததுக்கா நெஞ்சைப் பிளக்கச் சொல்றாங்க?"

அன்று சாயங்காலமே ஆபரேஷன் வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இந்த வண்டி இன்று ஓடாது என்று பயணிகளிடம் அறிவிக்கிற குரலில் சொன்னார். போனில் விசாரித்த சொந்தக்காரர்களிடம், "கடலே வத்திப் போகுதாம், எனக்கு என்ன?" என்றார். அவர்கள் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்கள்.

என் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நல்லா இருந்த மனுஷன். உங்க சூரியன் பண்ண வேலை இது. நீங்களே போய் சரி பண்ணுங்க." அப்புறம் சமையலறைக்குள் போய் அழுதாள். அது எனக்குக் கேட்டது, பக்கத்து அறையிலிருந்த அவருக்கும் கேட்டிருக்கும். இரண்டு ஆண்பிள்ளைகளும் கேட்காத மாதிரி இருந்தோம்.

எனக்குத் தெரிந்த ஒரே மருந்து கூரைதான். விடுமுறை நாளில் அரங்கச் சாவியை வாங்கிக்கொண்டு அவரை மறுபடியும் கூட்டிப் போனேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. "இன்னும் என்ன பாக்கி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினார். உள்ளே துப்புரவு செய்யும் அம்மா மட்டும் வரிசை வரிசையாக நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் விளக்கை அணைத்து, வேக விசையைத் திருகிக் குறைத்து, அதன் கடைசிக் கோட்டில் கொண்டுபோய் வைத்தேன். நிஜமான வேகம். ஒரு நொடிக்கு ஒரு நொடி. அந்தக் கோட்டை யாரும் தொடுவதே இல்லை, விசையில் தூசி படிந்திருந்தது.

கூரையில் சூரியன் நின்றது, பக்கத்தில் பூமி, அதற்குப் பக்கத்தில் நிலா. அப்படியே நின்றன. வெகுநேரம் அண்ணாந்து பார்த்திருந்தோம்.

"பழுதா?" என்றார்.

"இல்ல மாமா. இதுதான் நிஜ வேகம். அது நிஜமாவே இப்படித்தான் போயிட்டிருக்கு. இந்த வேகத்துல பாருங்க, பத்து வருஷம்னா எவ்வளவு பெருசுன்னு தெரியும்."

அவர் பார்த்தார். நியாயமாகத்தான் பார்த்தார், ஏமாற்றவில்லை.

"நீங்க சொல்றது சரிதான்," என்றார். "ரொம்பப் பெருசு. இவ்வளவு நேரம் நான் என்னதான் பண்றது மாப்பிள்ளை?"

எனக்குத் தலை சுற்றியது. வேகமாக ஓட்டினால் பத்து வருஷம் ஒன்றுமில்லை என்கிறார், மெதுவாக ஓட்டினால் தாங்காது என்கிறார். கடைசி முயற்சியாக நிலாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படியெல்லாம் சும்மா இருக்காது மாமா. நிலா வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டர் நம்மளை விட்டுத் தள்ளிப் போகுது. பத்து வருஷத்துல நாப்பது சென்டிமீட்டர்."

"எங்க டிரைவருங்க ஸ்டாப்பை விட்டு அதைவிட அதிகமா தள்ளி நிறுத்துவானுங்க."

அவ்வளவுதான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நிலாவும் வேணாம் ஒண்ணும் வேணாம்," என்று கத்தினேன். "நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? நான் வேலையில இருந்து வர லேட்டாச்சுன்னா தெருமுனை வரைக்கும் வந்து நிக்கறீங்க. கேட்டா கால் மரத்துப் போச்சு, நடக்க வந்தேன்பீங்க. எனக்குத் தெரியாதா? எங்கப்பா நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாரு. எனக்காகத் தெருவுல வந்து நின்ன ஆம்பளை நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு எத்தனை வருஷம் வேணுமோ எனக்குத் தெரியாது. எனக்கு நீங்க வேணும் மாமா."

கடைசி வார்த்தை கூரையை ஒரு சுற்றுச் சுற்றி நிதானமாகத் திரும்பி வந்தது. கையில் மைக் இருந்தது. இருட்டில் மைக் இல்லாமல் பேசி எனக்குப் பழக்கமே இல்லை, எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. பின்வரிசையில் துணி நாற்காலியில் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

மாமனார் அண்ணாந்தபடியே இருந்தார். முகம் தெரியவில்லை. அவருக்கு மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது, படி ஏறினால்தான் அப்படி வாங்கும்.

"டாக்டர் பத்து வருஷம்னார்," என்றார் பிறகு. "என் பொண்ணு, நூத்துக்குத் தொண்ணூறு பேர் பொழைக்கிறாங்கன்னு சொன்னா. நீங்க கோடிக்கணக்குல சொன்னீங்க, அப்புறம் சென்டிமீட்டர்ல சொன்னீங்க. எனக்கு எவ்வளவு கிடைக்கும்னுதான் ஆளாளுக்குக் கணக்கு சொன்னீங்க. இருங்கன்னு ஒருத்தரும் கேக்கல."

கூரையில் ஒன்றும் அசையவில்லை. மைக்கைத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இருங்க மாமா," என்றேன்.

"சரி," என்றார்.