போதாது என்றொரு கட்டம்

இலவச சட்ட உதவி மையத்தில் அன்றைக்குத் தையல்காரிக்குக் கிடைத்தது பதினேழாம் நம்பர் டோக்கன். போன வாரம் நாற்பத்தொன்று. இந்தத் தடவை கதவு திறக்குமுன்பே வந்து வாசலில் நின்றுவிட்டாள். அப்படியும் பதினாறு பேர் அவளை முந்திக்கொண்டார்கள். ஊரில் வயிற்றெரிச்சலுக்கா பஞ்சம்.

அவள் வயிற்றெரிச்சல் இதுதான். பத்து வருடமாகக் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். குடியிருக்கக் கொடுத்த வீட்டில் மிஷின் போட்டுத் தொழில் செய்கிறாளாம். அந்த மனிதர் வருடத்துக்கு ஓர் அங்குலம் சுற்றளவு கூடுகிறவர். அவருடைய கால்சட்டைகளை எல்லாம் அதே மிஷினில் இடுப்பைப் பிரித்து விட்டுக் கொடுத்தவள் இவள்தான். அப்போதெல்லாம் தொழிலாகத் தெரியாதது, பக்கத்து இடத்தில் நாலு மாடிக் கட்டடம் எழும்பியதும் தொழிலாகத் தெரிந்துவிட்டது. விசாரணை நாளைக் காலை. வீடு போனால் அவளும் மகளும் தெருவில். மிஷினும் தெருவில். மிஷின் தெருவுக்கு வந்த பிறகு அடுப்பு எங்கே எரிவது?

பதில் மனு போட வக்கீல் வேண்டும், சட்ட உதவி மையத்துக்குப் போ என்று கோர்ட்டில் சொல்லித்தான் போன வாரம் இங்கே வந்தாள். முன்பெல்லாம் மையத்தின் வக்கீல்களே கூட வந்து கோர்ட்டில் நிற்பார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் சீர்திருத்தம் வந்தது. அதன்படி ஆளுக்குப் பதினைந்து நிமிடம் ஆலோசனை. படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள்: 'ஆலோசனை போதும்', 'ஆலோசனை போதாது'. போதாது என்று டிக் விழுந்தால்தான் வக்கீல் கோர்ட்டுக்கு வருவார்; வர முடியாது என்றால் அதிகாரி அன்றைக்கே காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். எழுத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வாரம் உள்ளே இருந்த ஐந்து வக்கீல்களில் ஒருத்தியான இளம் வக்கீலம்மா பதினைந்து நிமிடமும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "உடனே ஒரு வக்கீலை வச்சுக்கோங்க" என்றாள். பசிக்குது என்று போனவளைச் சாப்பிடுங்க என்று சொல்லி அனுப்பியது போலத்தான். வீட்டுக்கு வந்து மகள் படிவத்தின் நகலைப் படித்துக் காட்டியபோதுதான், டிக் விழுந்த 'ஆலோசனை போதும்' கட்டத்துக்குக் கீழே தன் கையெழுத்து இருப்பது தெரிந்தது. உள்ளே போவதற்கு முன்னாலேயே கவுன்ட்டரில் வாங்கிக்கொண்ட கையெழுத்து அது. அன்று ராத்திரி அவள் தைத்த ரவிக்கைக்கு இரண்டு கையும் இடது கையாகவே அமைந்தது. அவ்வளவு கோபம்.

"பதினேழு" என்றாள் கவுன்ட்டர் அம்மா. தலையை நிமிர்த்தாமலே, டோக்கனோடு கொடுத்திருந்த படிவத்தை வாங்கித் திருப்பி வைத்து விரலால் தட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து."

"உள்ள போயிட்டு வந்து போடறேன்."

"போட்டாத்தாம்மா உள்ள போகலாம்."

"தைக்கறதுக்கு முன்னாடியே அளவு சரியா இருக்குன்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா? போட்டுப் பார்த்துட்டுத்தானே சொல்ல முடியும்."

கவுன்ட்டர் அம்மா இப்போது நிமிர்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "கையெழுத்தை ஸ்கேன் பண்ணாத்தான் கம்ப்யூட்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிடும். எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

"காத்துட்டு இருக்கட்டும். நானும்தான் காத்துட்டு இருக்கேன்." தையல்காரி கவுன்ட்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. பதினெட்டாம் நம்பர் ஒரு காவல்காரர். பதினோரு வருடம் காவல் காத்த கம்பெனி ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்திவிட்டது என்று வந்தவர். "ஏம்மா, ஒரு கையெழுத்துதானே. கிறுக்கிட்டுப் போயேன். உன்னால எங்க நேரம்லாம் போகுது" என்றார்.

சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன வார நகலைப் பையிலிருந்து எடுத்து, இன்றைய படிவத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். துணியில் ஒரு நூல் இழுத்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது. இரண்டிலும் 'போதும்' கட்டத்தில் டிக். இரண்டு டிக்குக்கும் வால் மேலே போய் ஒரே இடத்தில் நெளிந்து, ஒரே இடத்தில் மை விட்டுப்போயிருந்தது.

"அண்ணே, உங்க படிவத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

காவல்காரர் காட்டினார். அதே டிக், அதே நெளிசல். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்றவளின் படிவத்திலும் அதேதான். யாரோ ஒரே ஒரு படிவத்தில் டிக் போட்டு, அதை நூறு நூறாக ஜெராக்ஸ் எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். வருகிறவர்கள் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் போதுமாம்.

"நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்றார் காவல்காரர். தன்னிடம் கேட்டுக்கொள்வது போல மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. ஒவ்வொருவராகத் தங்கள் படிவத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள்.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். மூன்று மாதத்தில் ஒரே ஒரு 'போதாது'கூட இல்லாத மையம் என்று தலைமை அலுவலகம் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் அவர் தலைக்கு மேலேதான் மாட்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் தையல்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, குரலில் வெண்ணெய் தடவினார்.

"நாளைக்குத்தானே விசாரணை? உங்களுக்கு மட்டும் வக்கீலை அனுப்பறேன். டிக் இருக்கற மாதிரியே இருக்கட்டும். கையெழுத்து போட்டுட்டுக் கிளம்புங்க."

"போதும்னு டிக் இருந்தா வக்கீல் எப்படி வருவாங்க?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

உள்ளதைச் சொல்ல வேண்டும்: அவளுக்குக் கை நீண்டது. மகள் முகம் கண்ணில் வந்து நின்றது. ஊர் வழக்கு ஊருக்கு, என் வீடு எனக்கு என்றுதான் ஒரு நிமிடம் தோன்றியது. பேனாவைக்கூட வாங்கிவிட்டாள். ஆனால் 'நான் பார்த்துக்கறேன்' என்ற வார்த்தையை வீட்டுக்காரர் வாயால் பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. கூரை ஒழுகினாலும் அதுதான், கதவு உளுத்தாலும் அதுதான்.

வாங்கிய பேனாவால் அச்சடித்த டிக்கை அடித்தாள். அடுத்த கட்டத்தில், 'போதாது' என்பதற்கு நேரே, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு டிக் போட்டாள்.

அதிகாரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அடிச்சு எழுதின படிவம் செல்லாது. உங்களால ஆனதைப் பாருங்க."

கவுன்ட்டர் அம்மா எழுந்து சுவரோரம் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து தூசி படிந்த கட்டு ஒன்றை எடுத்துவந்து கவுன்ட்டரில் பொத்தென்று போட்டாள். அரசாங்கம் அச்சடித்து அனுப்பிய படிவங்கள். இரண்டு கட்டமும் வெறுமையாக இருந்தன.

"இது செல்லும் சார்" என்றாள். பிறகு கூடத்தைப் பார்த்து, "அந்த டிக்கைப் போட்ட கை என்னோடதுதான். சார் சொன்னார், நான் போட்டேன். வேலை போயிடுமேன்னு போட்டேன். இப்ப வந்து ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கோங்க. உள்ள போயிட்டு வந்து, உங்களுக்கு என்ன தோணுதோ அதுல டிக் போடுங்க" என்றாள்.

அதிகாரி அவள் பெயரைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் தன் பெயர் அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள், பார்த்து எழுதிக்கொள்ள வசதியாக.

அன்றைக்கு மதியத்துக்குள் முப்பத்தெட்டு 'போதாது' விழுந்தது. ஒவ்வொன்றையும் மறுப்பதற்குக் காரணம் எழுத உட்கார்ந்த அதிகாரியால் தையல்காரியின் படிவத்துக்கே ஒரு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. நாலு மணிக்குப் போன வாரத்து வக்கீலம்மா கையில் அனுமதியோடு வந்தாள். "மூணு மாசமா இந்த ரூம்லயே அடைஞ்சு கிடந்து, கோர்ட் எந்தப் பக்கம்னே மறந்துபோச்சுக்கா" என்று சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. உட்கார்ந்து பதில் மனுவை எழுதினாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரரின் வக்கீல் ஒற்றைக் காகிதத்தோடு வந்திருந்தார். எதிர்ப்பக்கம் கறுப்பு அங்கி போட்ட ஒருத்தி எழுந்து நின்று, வீட்டுக்காரரே பத்து வருடமாக அந்த மிஷினில் துணி தைத்துக்கொண்டவர், ஒப்பந்தத்தில் மிஷின் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை என்று சொன்னதும் அந்த வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. வாய்தா கேட்டார்.

"வழக்குப் போட்டது நீங்க. நீங்களே தயாரா வரலையா?" என்றார் நீதிபதி.

"எதிர்த்தரப்புக்கு வக்கீல் வருவாங்கன்னு எதிர்பார்க்கலைங்க. இப்பல்லாம் யாரும் வர்றதில்லை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். வழக்கு முடியும்வரை அந்த வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு சொன்னார். தையல்காரி இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாள். நீதிபதி அதோடு விடவில்லை. பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம் திரும்பி, "மூணு மாசத்துல, எதிர்த்தரப்புக்கு வக்கீல் இல்லாம எத்தனை வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்கோம்?" என்று கேட்டார்.

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிக் கொஞ்ச நேரம் எண்ணினார். "அறுபத்திரண்டுங்க."

தையல்காரிக்குத் தன் வீடு தப்பிய சந்தோஷம் நிலைக்கவில்லை. அறுபத்திரண்டு வீடு. அந்த அறுபத்திரண்டிலும் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கும். கோர்ட்டில் கேட்டால்தான் பேச வேண்டும் என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தையல்காரியின் கையை அழுத்திப் பிடித்தும் பார்த்தாள்.

"அந்த அறுபத்திரண்டு பேரும் போதும்னு கையெழுத்து போட்டுட்டு வந்தவங்கதான் ஐயா" என்றாள் தையல்காரி, எழுந்து நின்று. "போட வச்சு அனுப்பினாங்க. அவங்களை யார் திரும்பக் கூப்பிடப் போறாங்க?"

நீதிபதி அவளை உட்காரச் சொல்லவில்லை. குமாஸ்தாவைப் பார்த்து, அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார்.