நிலை வரைக்கும்

மாநிலம் புதிய கட்டட விதிகளை ஏற்று ஒரு வருடம் ஆகிவிட்டது. ஆகி என்ன பிரயோஜனம்? நகரசபையும் கை தூக்கித் தீர்மானம் போட்டால்தான் ஊருக்குள் அது சட்டம். அதுவரை வெறும் காகிதம். அந்த நகரசபையிலேயே கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் அவளுக்கு இது தெரியாதா! தெரிந்துதான் வயிறு எரிந்துகொண்டிருந்தாள்.

விபத்துக்குப் பிறகு அவள் கணவர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். அவருடைய மோட்டார் சக்கர நாற்காலி தடையில்லாமல் வீட்டுக்குள் போய்வந்தால்தான் அனுப்புவோம் என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். வாடகை வீட்டின் வாசலோ குறுகல். "சட்டம் வரட்டும்மா, மறுநாளே இடிச்சுக் கட்டிடறேன்" என்று வீட்டுக்காரர் நழுவினார். காலையில் அவள் கை தானாக இரண்டு டம்ளரை எடுக்கும். ஒன்றைத் திரும்ப வைப்பாள். அவர் வேண்டும் அவளுக்கு, அவ்வளவுதான்.

மாநில விதியை ஊருக்கேற்றபடி எழுதும் வேலை அவளிடமே வந்தது. விடுவாளா? பழைய வாடகை வீடுகளையும் சேர்த்தே எழுதினாள். உறுப்பினர்கள் இழுத்தடித்தார்கள், தலைவர் கொட்டாவி விட்டார், ஒருவழியாக நிறைவேறியது. ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னாள்.

"அப்போ என் தலகாணிய வெயில்ல போடு" என்றார் அவர்.

வீட்டுக்காரர் அளவுநாடாவோடு வந்து, வாசலின் மரச்சட்டத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அளந்தார். "சரியா இருக்கேம்மா. எதுக்கு இடிக்கணும்?"

"அது நிலைங்க! கதவைத் திறந்தா மிச்சம் இருக்கிற வழியத்தான் அளக்கணும்."

"சட்டத்துல நிலைன்னுதானே போட்டிருக்கு?"

ஐயோ! மாநில விதியில் 'திறப்பு அகலம்' என்றுதான் இருந்தது. நாளெல்லாம் தச்சர்களோடு பேசிப் பேசி, பழக்கதோஷத்தில் 'நிலை அகலம்' என்று எழுதியது அவள் கைதான். திருத்த வேண்டுமானால் மறுபடி தீர்மானம், மறுபடி அந்தக் கொட்டாவி.

மறுநாள், நாற்காலி நுழைகிறதா என்று ஒத்திகை பார்க்க இல்லத்திலிருந்து அவரை அழைத்துவருவதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஊர் வாசல்களின் அளவையெல்லாம் சரிபார்ப்பவள்தான், இருந்தும் ஒருவேளை நுழைந்துவிட்டால் என்று நினைத்தாள்.

நாற்காலி நிலையில் இடித்து நின்றது.

"நான்தாங்க தப்பா எழுதிட்டேன்." அவள் அழுதேவிட்டாள்.

"நீதானா? நான் வேற யாரையோ திட்டிட்டு இருந்தேன்" என்று சிரித்தார். பிறகு கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். கட்டிலில் அவர் தலையணை.

அதையாவது கொடுத்தனுப்பலாமென்று அவள் உள்ளே திரும்பினாள்.

"எடுக்காதே" என்றார். "அங்கேயே இருக்கட்டும். நான் வந்து படுத்துக்கறேன்."