வட்டப் பாதையில் ஐந்து கிலோமீற்றர்

மொன்றியலில் இருக்கும் நம்மவர் யாருக்காவது ஊரில் ஒரு சாவு விழுந்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். உரியவருக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "ஆனந்தராசா அண்ணை, நீங்கள் போய்ப் பக்குவமாச் சொல்லுங்கோ" என்பார்கள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். பதினெட்டு வருடத்தில் இருபது வீட்டுக்காவது போயிருப்பேன். என் மனைவி சிவமலர் எனக்கு எமனுடைய தபால்காரன் என்று பெயரே வைத்துவிட்டாள். உள்ளூர எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

ஊரிலிருந்து போன் எடுப்பவர்கள் ஆள் செத்துப்போனதாகச் சொல்வதில்லை. கடுமையாம், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம் என்று சொல்லி இழுப்பார்கள். மிச்சத்தை நான் விளங்கிக்கொள்ள வேண்டும். என் அப்பா போனபோதும் மூன்று நாளாக எனக்குக் கடுமை என்றே சொன்னார்கள். அந்த மூன்றாம் நாள் சாம்பலைக்கூடக் கடலில் கரைத்து முடித்திருந்தார்கள். சொல்லப் போகிறவன் முதலில் உரியவரின் போனை வாங்கி அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எவனாவது முகநூலில் அஞ்சலி போட்டுத் தொலைப்பான். பிறகு சாப்பிட வைக்க வேண்டும். சொன்ன பிறகு நாலு நாளைக்குச் சோறு இறங்காது.

போன செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதி நடைக்குழு பஸ் பிடித்துக்கொண்டு ஒரு பழைய சிலேட்டுக் கல் குவாரிக்குப் போனது. இரண்டு மணி நேர ஓட்டம். குவாரியைச் சுற்றி, நடுவில் ஒரு கோட்டை இடிபாட்டைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் ஐந்து கிலோமீற்றர் பாதை. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து ஒரு வருடத்துக்குப் பிறகு சிவமலர் நடக்கப்போகிற முதல் நீண்ட நடை அது. புதுச் சப்பாத்து வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகியிருந்தாள்.

வாகனத் தரிப்பிடத்தில் அவள் கழிவறை வரிசையில் நின்றபோது என் போன் அடித்தது. திருகோணமலையிலிருந்து கிருஷாந்தன், அவளுடைய ஒரே அண்ணன் பூபாலசிங்கத்தின் மகன்.

"மாமா, அப்பாவுக்குக் கடுமை. ஐசியூவில வைச்சிருக்கினம். மாமி பக்கத்தில நிக்கிறாவோ? மாமியிட்ட..."

அவ்வளவுதான், அறுந்துவிட்டது. திருப்பி எடுக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதற்கு மேல் நான் மினக்கெடவுமில்லை. மாமியிட்டப் பக்குவமாச் சொல்லுங்கோ என்று அவன் சொல்ல வந்ததை நானே முடித்துக்கொண்டேன். இருபது வீடு பார்த்தவனுக்கு இதுகூடவா விளங்காது?

 தாய் தகப்பன் இல்லாத வீட்டில் சிவமலரை வளர்த்து, அவளைக் கனடாவுக்கு ஏற்றிவிட்டுத்தான் கல்யாணமே செய்தவர் அந்த மனிதர். பஸ்ஸோ இரண்டு மணிக்குத்தான் திரும்பும். இப்போது சொன்னால் முப்பது பேர் நடுவில் மூன்று மணி நேரம் அவள் எங்கே போய் அழுவாள்? நடக்கட்டும், சாப்பிடட்டும், வீட்டுக்குப் போய்ச் சொல்வோம் என்று முடிவெடுத்தேன். படம் எடுத்துத் தருகிறேன் என்று அவளுடைய போனை வாங்கி, இரண்டு போனையும் அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

பாதை ஒற்றைத் திசைதான். மரத்துக்கு மரம் அம்புக்குறி. இருபக்கமும் உடைந்த சிலேட்டுக் கல் கூரை உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கால் வைத்தால் அப்பளம்போல நொறுங்கியது. குழிக்குள் கறுப்பாகத் தண்ணீர். எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. சிவமலர் கார்டெரி என்கிற குழந்தைக் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறவள், பிரெஞ்சு நன்றாக வரும். பலகைகளை வாசித்து எனக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். குவாரி முதலாளி பெண்சாதிக்காகக் கட்டிய கோட்டையாம், குடிபுகுந்த மூன்றாம் மாதம் எரிந்துபோனதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு இன்னும் சில மணி நேரத்துக்குத்தான் என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் நடப்பதைப்போல ஒரு தண்டனை இல்லை.

கோட்டையில் மிஞ்சியிருந்தது இரண்டு சுவரும் பாதிக் கோபுரமும். மேட்டில் இருந்தது. எங்கள் குழுவில் வந்த வின்சன்ட் அங்கே நின்று யாரோடோ போனில் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தான். அதைக் கண்டதும் சிவமலர் கையை நீட்டினாள்.

"போனைத் தாங்கோ. அண்ணைக்கு இதைக் காட்டுவம். அங்க இப்ப இரவு ஒன்பதே கால்தானே, படுத்திருக்க மாட்டார்."

சார்ஜ் இல்லை என்றேன். அப்படியானால் என்னுடையதைத் தரச் சொன்னாள். அதில் சிக்னல் இல்லை என்றேன். அவள் வின்சன்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேந்து எடுப்போம், பசிக்கிறது என்று சொல்லி நான் முன்னே நடந்தேன். கொஞ்சத் தூரம் வந்ததும் ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். கால் நோகிறது என்றேன். முழங்கால் மாற்றியவள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டு நடக்கவும் முடியவில்லை.

ஒன்றேகாலுக்கு வட்டம் முடிந்தது. மர மேசையில் அவள் தன் சோற்றுப் பார்சலை அவிழ்த்தாள். கடைசிப் பருக்கை வரைக்கும் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கை கழுவிவிட்டு வந்தவள் என் பார்சல் பிரிக்காமல் கிடந்ததைக் கண்டுவிட்டாள்.

"ஆருக்கு?" என்று மட்டும் கேட்டாள். பதினெட்டு வருடமாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அல்லவா.

"அண்ணைக்குக் கடுமையாம்."

"முடிஞ்சுதோ?"

"ஓம்" என்றேன்.

அவள் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.  சவ எடுப்பு எப்போது என்று கிருஷாந்தனிடம் கேட்கலாமென்று இரண்டு போனையும் திரும்ப இயக்கினேன். அவளுடைய போன் நிறுத்தாமல் அடிக்கத் தொடங்கியது. பதினொரு தவறிய அழைப்பு, ஒரு குரல் பதிவு. நான் பார்த்து முடிக்குமுன் அவள் பறித்துக் குரல் பதிவை அமத்திக் கேட்டாள்.

"மலர், அண்ணை கதைக்கிறன். எனக்குக் குழாய் போடப் போகினமாம். போட்டால் பேந்து கதைக்கேலாது. அதுக்கு முதல் உன்னோட ரெண்டு சொல்லுக் கதைக்கவேணும். எடு பிள்ளை."

பதிவான நேரம் இங்கே பகல் பதினொன்று நாற்பது. அவள் கண்ணீரோடு நிமிர்ந்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அண்ணை இருக்கிறார், விசர்க்கதை கதைச்சுப்போட்டியள்" என்று என் தோளில் அடித்துக்கொண்டே கிருஷாந்தனுக்குப் போன் எடுத்தாள்.  கடவுளே, நான் விசரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டினேன்.

கிருஷாந்தன் அழுதுகொண்டே கதைத்தது எனக்கும் கேட்டது.

"அப்பா இப்ப இல்லை மாமி. அரை மணித்தியாலமாகுது. நீங்கள் திருப்பி எடுப்பியள் எண்டு குழாய் போட விடாமல் டொக்டரை ஒரு மணித்தியாலம் மறிச்சு வைச்சவர். போனைக் கையில வைச்சுக்கொண்டே இருந்தவர்."

அவள் போனை மெதுவாக மேசையில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"கோட்டையடியில நான் போனைக் கேட்கேக்க அண்ணை இருந்தவர், என்ன?"

பொய் சொல்ல எனக்குத் தெரியாததா? ஆனால் நாங்கள் கோட்டையடியில் நின்ற நேரம் அந்தப் போனிலேயே எழுதியிருந்தது.

"ஓம்" என்றேன்.

பஸ்ஸுக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். அவள் போய் முன்சீட்டில் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் தன் பையை வைத்தாள்.