மாப்பிள்ளைக்கு வைத்த கூண்டு

கூண்டு வைத்து இரண்டு நாளாகியும் அந்தக் குரங்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே வைத்த பழத்தில் எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். ஓய்வுபெற்ற பல் டாக்டர் எவர்சில்வர் கிண்ணத்தைத் தட்டினால்தான் அது வரும். அப்படிப் பழக்கி வைத்திருந்தார். வேறு வழியில்லாமல் வனக்காவலர் அவர் வீட்டுப் படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் அவளுக்கு ஆத்திரம் ஏறியது.

குடியிருப்புக்குள் காட்டு விலங்குக்குத் தீனி போடக் கூடாது என்ற சட்டத்தை அவரிடம் மூன்று முறை எடுத்துச் சொல்லியிருந்தாள். மூன்று முறையும் அவர் மின்விசிறியைப் போட்டு உட்காரவைத்து, குரங்கைக் காட்டி, தன் மருமகனைவிட இந்த மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவன் என்று சிரிக்க வைத்து அனுப்பினார். அவளும் வழக்குப் பதியாமல் இறங்கிப் போனாள். போன வாரம் கீழ்வீட்டுக் குழந்தை சொப்புகளை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தது. குரங்கு கிண்ணத்தைப் பிடுங்கியது. குழந்தை விடவில்லை. கடித்ததில் கன்னத்தில் ஒன்பது தையல்.

குரங்கைப் பிடிக்க வேண்டும் என்றதும் டாக்டர் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். காட்டுக்குப் போனால் அவனுக்கும் நல்லதுதான் என்றார். அவள் கூண்டுக் கதவைச் சரிபார்த்தாள். அவர் கூண்டருகே நின்று தட்டினார். மூன்றாவது தட்டுக்குக் குரங்கு சுவரேறிக் குதித்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே உள்ளே நுழைந்தது. கதவு விழுந்தது.

"எந்தக் காட்டுலம்மா விடுவீங்க?"

"விடமாட்டோம். கடிச்சத வெளிய விடக் கூடாதுன்னு உத்தரவு. ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க."

அவர் முகம் செத்துப் போயிற்று. "இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் தட்டியிருக்க மாட்டேனே."

"அதனாலதான் சொல்லல."

சொல்லிவிட்டால் ஆத்திரம் அடங்கும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. அவர்மேல் கொட்டியது பாதிதான். மற்ற பாதி, அந்த மின்விசிறிக்கடியில் மூன்று முறை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்மேல்.

டாக்டர் கிண்ணத்திலிருந்த ரொட்டித் துண்டு ஒன்றைக் கம்பிக்குள் நீட்டினார். குரங்கு அதை வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் கையை நீட்டியது.

அவள் வழக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பேனாவை அழுத்திப் பிடித்தாள்.

"உங்க முழுப் பேரச் சொல்லுங்க."